பாகம் பிரிக்க வொண்ணாத குரல்

மர்ஹூம் நாகூர் இ.எம். ஹனீபா அவர்களைப் பக்திப் பாடகர் என்று சிலரும், கழகப் பாடகர் என்று சிலரும் பங்கிட்டுக் கொள்கின்றனர். இப்பாகப்பிரிவினை அன்னாரின் கலைக்கு இழைக்கும் அநீதி என்பதே நம் கருத்து.

1925இல் பிறந்து 2015இல் மறைந்த அவர், சபாக்களுக்காகப் பாடியவர் அல்லர். இஸ்லாமிய விழாவாயினும் திராவிட இயக்க மாநாடாயினும் அவருக்கு வாய்த்தது திறந்தவெளி மேடையே. கடைசி வரிசைக்கும் அப்பால் நிற்பவனிடம் சொல் சிதையாமல் சென்று சேர வேண்டுமென்ற பொறுப்பே அக்குரலை வார்த்தது. உச்ச ஸ்தாயியிலும் அவர் நாவில் ழகரம் தேய்ந்ததில்லை. இன்று அவரைப் பின்பற்றுவோர் உரத்த குரலை எடுத்துக்கொண்டு உச்சரிப்பை விட்டுவிட்டனர்; நம் செவிகளுக்குத்தான் சோதனை!

‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடலை நோக்குக. கேட்பவனின் மதத்தை அது விசாரிப்பதில்லை. அண்மையில் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையருகே ஒரு தேநீர்க் கடையில் அது ஒலித்தது. திருநீறணிந்த தொழிலாளி ஒருவர், ஷிப்டுக்கு நேரமாகியும், பாட்டு முடியும்வரை நின்றார். 1961இல் ‘பாவமன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் ஹனீபா பாடிய பாடலும் அவ்வாறே எல்லை கடந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு, ‘சோல்’ இசையாகி உரிமைக்குரலுமாயிற்று. அங்கே பக்தியையும் அரசியலையும் ஒரே குரலின் இரு மூச்சுகளாகவே ஆராய்கின்றனர். நாமோ நினைவு மலர்களோடு நிறைவடைகிறோம். அப்பாடலை இயற்றியவர் ஆர். அப்துல் சலாம் என்றால், “அவர் யார்?” என்று விழிப்போரே மிகுதி.