டிராகனுக்கு முட்டையே சாட்சி

'ஆர்க்: சர்வைவல் எவால்வ்ட்' ஆட்டத்தில் டி-ரெக்ஸின் முட்டை பொரிய 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் சூடு போதும். வைவர்ன் என்ற டிராகனின் முட்டைக்கோ 80 முதல் 90 டிகிரி வேண்டும். முட்டையைத் தரையில் வைத்துச் சுற்றிலும் தீப்பந்தம் நட்டு, நெருப்பு மூட்டி, சூடு கூடினால் ஒன்றை அணைத்து, குறைந்தால் ஒன்றைக் கொளுத்திக் காத்திருக்க வேண்டும். ஆட்டத்தின் அடிப்படை வேகத்தில் இது ஏறக்குறைய 5 மணி நேர வேலை. நெருப்பைக் கக்கப்போகும் உயிரின் கரு நெருப்புக்குப் பக்கத்தில்தான் வளரும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைக்காகவே இந்த டிராகனை எனக்குப் பிடிக்கும்.

ஸ்டுடியோ வைல்ட்கார்ட் 2015 ஜூனில் ஆர்க்கை முன்வெளியீடாகக் கொண்டுவந்தபோது, அதை டைனோசர் ஆட்டம் என்றுதான் எல்லோரும் வாங்கினார்கள். கடற்கரையில் வெறுங்கையோடு விழித்தெழுந்து, கல் பொறுக்கி, மரம் வெட்டி, பசியையும் குளிரையும் சமாளித்து, கடைசியில் ஒரு டைனோசரின் முதுகில் ஏறுவது. 2016 செப்டம்பரில் 'ஸ்கார்ச்ட் எர்த்' என்ற பாலைவன விரிவாக்கம் வந்தது. அதில்தான் வைவர்ன்கள் வந்தன. கூடவே பழைய வழக்கும் வந்தது: டைனோசர் இந்த மண்ணில் நடந்த உயிர், டிராகன் யாரோ சொன்ன கதை, இரண்டையும் எப்படி ஒரே காட்டில் விடுவது?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஓர் உலகம் தனக்குள் பொருந்தியிருக்க வேண்டும் என்று ரசிகர் எதிர்பார்ப்பது சரிதான். ஆனால் ஆர்க்கின் பொருத்தத்தைக் காலக்கணக்கில் தேடினால் கிடைக்காது. ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. டி-ரெக்ஸ் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, டி-ரெக்ஸுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது. 17ஆம் நூற்றாண்டில் மொரீஷியஸில் அழிந்துபோன டோடோவும் அதே கரையில்தான் தத்தித் தத்தி நடக்கிறது. கதைப்படியும் இந்த உலகங்கள் செயற்கையாக அமைக்கப்பட்டவை. வானில் மிதக்கும் தூண்களைப் பார்த்த முதல் நாளே அது தெரிந்துவிடும்.

அப்படியானால் அந்த உலகத்தைக் கட்டிப்பிடித்திருப்பது எது? பசி. ஒவ்வொரு உயிருக்கும் ஓர் இரை, ஓர் இடம், ஒரு பயம். பழக்க நினைத்தால் அதற்கென்று ஒரு விலை. இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும் எந்த உயிரும் அங்கே குடிமகன்தான், எலும்பு அருங்காட்சியகத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வைவர்ன் கட்டுப்படுகிறது. பாலைவனத்தின் ஓரத்தில் நிலம் பிளந்து கிடக்கும் ஒரு பெரும்பள்ளம் அதன் இடம். அதன் சுவரோரப் பாறைகளில்தான் கூடு. வளர்ந்த வைவர்னைப் பழக்க வழியே கிடையாது. முட்டையைத் திருடித்தான் ஆக வேண்டும். திருடிய கணத்தில் அக்கம்பக்கத்து வைவர்ன்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும். நெருப்பு, மின்னல், விஷம் என்று மூன்று வகையும் பின்னால் பறந்துவர, பறவையின் முதுகில் ஒட்டிக்கொண்டு தப்பி ஓட வேண்டும். வீட்டுக்கு வந்து பொரித்தபிறகுதான் உண்மையான சிக்கல். குஞ்சு இறைச்சி தின்னாது. அதற்கு வைவர்ன் பால்தான் வேண்டும். பாலுக்கு மறுபடி அதே பள்ளத்துக்குப் போய், ஒரு பெண் வைவர்னை மயக்கி வீழ்த்தி எடுத்துவர வேண்டும். எடுத்த பாலும் கையில் அதிக நேரம் தங்காது, கெட்டுவிடும். குஞ்சு முழு வளர்ச்சி பெற, அடிப்படை வேகத்தில், ஏறக்குறைய 4 நாள். இது ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரக் கணக்கல்ல, நம் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின் 4 நாள். குழுவில் யார் எப்போது விழித்திருப்பது, யார் பால் எடுக்கப் போவது என்று முறை போட்டுக்கொள்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த இரண்டை இணைசேர்த்து மந்தை பெருக்கலாமா என்றால், அந்த ஆட்டத்தில் அதுவும் முடியாது. இன்னொன்று வேண்டுமா, மறுபடி பள்ளம்தான்.

ஊர்வனவாகத் தோன்றும் ஓர் உயிர் பால் கொடுப்பது உயிரியலுக்கு ஒவ்வாது என்று ஒருவர் சொல்லலாம். ஒவ்வாதுதான். ஆனாலும் அந்த ஒரு கற்பனைதான் வேட்டைக்காரனைத் தாதியாக்குகிறது. கொல்லத் தெரிந்தவனுக்கு வைவர்ன் கிடைக்காது, காப்பாற்றத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும். டைனோசர்களுக்கு நடுவே டிராகனை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

உடலமைப்பையும் பாருங்கள். முதுகெலும்புள்ள உயிர்களுக்குக் கைகால் உறுப்புகள் நான்குக்கு மேல் இல்லை. பறவையானாலும் வௌவாலானாலும் முன்கால்தான் இறக்கையாகிறது. நான்கு கால்களோடு தனியாக இரண்டு இறக்கைகளும் கொண்ட டிராகனுக்குக் கைகால் உறுப்புகள் ஆறாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணானுக்கு நான்கு காலும் இறக்கையும் உண்டே என்று கேட்கலாம். அந்த இறக்கை நீண்ட விலா எலும்புகளில் விரியும் தோல். மரத்திலிருந்து மரத்துக்குச் சறுக்கத்தான் உதவும், அடித்துப் பறக்க உதவாது. ஆர்க்கின் வைவர்னுக்கு இரண்டு பின்கால், இரண்டு இறக்கை, அவ்வளவுதான். தரையில் இறக்கையை மடித்து ஊன்றி நடக்கிறது. 1981இல் வந்த 'டிராகன்ஸ்லேயர்' படத்தின் டிராகனும் இப்படித்தான் தவழ்ந்தது. டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசார்களின் நடையும் இதே வகை என்று புதைபடிவக் காலடித் தடங்கள் சொல்கின்றன. அந்த டெரோசார்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று 1971இல் டெக்சஸில் கிடைத்தது, இறக்கை விரிப்பு 10 மீட்டருக்கும் மேல். ஆய்வாளர்கள் அதற்கு அஸ்டெக் மக்களின் இறகுநாகக் கடவுளின் பெயரையே வைத்தார்கள்: குவெட்சால்கோட்லஸ். ஆர்க்கின் வானத்தில் அதுவும் பறக்கிறது. டிராகனுக்கும் புதைபடிவத்துக்கும் உறவு புதிதல்ல. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரச் சதுக்கத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய டிராகன் சிலையின் தலைக்கு மாதிரியாக இருந்தது, அந்த வட்டாரத்தில் கிடைத்த ஒரு கம்பளிக் காண்டாமிருகத்தின் மண்டையோடு.

அதே ஆர்க்கின் முதல் வரைபடமான தீவில் இன்னொரு டிராகன் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. தூணுக்குப் போய்க் காணிக்கைப் பொருள்களைச் செலுத்தினால், 10 பேர் வரை, 20 விலங்குகள் வரை ஒரு தனிக் களத்துக்கு அனுப்பப்படுவார்கள். அங்கே டிராகன் காத்திருக்கும். அதன் நெருப்பு, உயிர்ச்சக்தியில் இத்தனை சதவீதம் என்று எரித்துத் தள்ளும். கொன்றால் பரிசு, மறுநாள் போனால் மறுபடி அதே டிராகன். அது எங்கே தூங்குகிறது, எதைத் தின்கிறது, எதற்குப் பயப்படும்? பதில் இல்லை. தீவில் நாம் கற்ற எந்தப் பாடமும் அதற்குப் பொருந்தாது. மைன்கிராஃப்டின் எண்டர் டிராகனும் இந்த ஜாதிதான். 2011 நவம்பரில் முழு வெளியீடு கண்ட ஆட்டத்தின் இறுதிக் காவலாக அது நிற்கிறது. வென்றால் ஒரு முட்டை கிடைக்கும். அந்த முட்டை பொரியாது, அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சுவீடனின் அயர்ன் கேட் குழு 2021 பிப்ரவரியில் வெளியிட்ட 'வால்ஹைம்' நடுவழியில் நின்று ஜெயிக்கிறது. அதன் டிராகனான மோடரும் அழைத்தால்தான் வரும். ஆனால் அழைக்க மூன்று டிராகன் முட்டைகளை மலைமேல் உள்ள பீடத்தில் வைக்க வேண்டும். ஒரு முட்டையின் எடை 200. ஒருவர் சாதாரணமாகத் தாங்குவது 300. இடம்விட்டு இடம் தாவும் வாசல் முட்டையை ஏற்காது. உறைபனியில், ஓநாய்களுக்கு நடுவே, பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றாகச் சுமந்துதான் ஏற வேண்டும். அந்த ஏற்றத்திலேயே மோடர் அந்த மலையின் பிராணியாகிவிடுகிறது. வென்றால் கிடைக்கும் டிராகன் கண்ணீரைக்கொண்டு ஒரு கைவினைஞர் மேசை செய்யலாம். அதன் துணையோடு காற்றாலை கட்டி வாற்கோதுமை அரைத்து ரொட்டி சுடலாம். மோடரின் வரம் பாய்மரக் கப்பலுக்குச் சிறிது நேரம் பின்காற்று. டிராகனைக் கொன்ற கை மாவரைக்கத் திரும்புகிறது. உயிர்பிழைக்கும் ஆட்டத்தின் இலக்கணம் அது.

வைவர்னின் மீது ஒரு குற்றச்சாட்டு நியாயமானது. காசு கொடுத்து விரிவாக்கம் வாங்கியவர்கள் அதை மற்ற வரைபடங்களுக்கும் ஓட்டிக்கொண்டு போனபோது, வாங்காதவர்களின் கோட்டைகள் தாங்கவில்லை. அடிப்படை ஆட்டமே முழுமையடையாத நேரத்தில் விரிவாக்கத்தை விற்றதும் பலருக்குக் கசந்தது. பறக்கும் விலங்குகளின் வேகத்தை 2017 மார்ச்சில் குறைக்க வேண்டிவந்தது. இவை விற்பனையும் சமநிலையும் தவறிய இடங்கள். புராணத்தின் மேல் இந்தப் பழியைப் போட வேண்டாம்.

சொந்தமாக ஆர்க் சர்வர் நடத்தும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொரியும் வேகத்தையும் வளரும் வேகத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகிறவர்களால் 4 நாள் காவல் இருக்க முடியாது. முட்டையைப் பரிசுப் பெட்டியில் கொடுக்காதீர்கள், பாலைக் கடையில் விற்காதீர்கள். இரண்டையும் பள்ளத்துக்குப் போய் அவரவரே எடுத்துவரட்டும்.