கைப்பையும் கேமராவும்

ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்’ நாடகத்தில் நடப்பது கொஞ்சம், பேசுவது ஏராளம். கிராமத்தில் ஜாக், லண்டனில் எர்னெஸ்ட் என்று இரட்டைப் பெயரில் உலவும் ஒருவன். எர்னெஸ்ட் என்ற பெயருள்ளவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அடம்பிடிக்கும் இரண்டு பெண்கள். விக்டோரியா ரயில் நிலையத்தில் கைப்பைக்குள் கிடைத்த ஒரு குழந்தை. 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் மேடையேறிய இந்த நாடகத்தில் கேமராவுக்கு என்ன வேலை?

பெரிதாக ஒன்றுமில்லை என்றே 1952இல் இதைப் படமாக எடுத்த ஆன்டனி ஆஸ்க்வித் முடிவுசெய்தார். நாடக அரங்கில் பார்வையாளர்கள் வந்து உட்கார்வதில் படம் தொடங்குகிறது. வெறுமனே மேடையைப் படம்பிடித்திருக்கிறார் என்று இதைக் குறைசொல்வது எளிது. ஆனால் ஜாக்கின் காதலியுடைய தாய் லேடி பிராக்னெல்லாக வரும் ஈடித் எவன்ஸின் முகத்தைப் பாருங்கள். மேடையிலும் அதே பாத்திரத்தில் பேர்பெற்றவர் அவர். கைப்பை என்ற ஒரே சொல்லை நம்பமுடியாமல் இழுத்து, ஏற்றி இறக்கி அவர் சொல்லும் விதத்தை எப்படித் தாண்டுவது என்பதுதான் பின்னால் வந்த நடிகைகளுக்கெல்லாம் தலைவலி. அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டாத இமையசைவுகூட இங்கே நமக்குக் கிடைக்கிறது. போனது ஒன்று உண்டு. மேடையில் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார். அந்த இடைவெளி இரவுக்கு இரவு மாறும். படத்திலோ அதை எடிட்டிங் அறையிலேயே ஒருமுறை அளந்து வெட்டிவிடுகிறார்கள்.

2002இல் இதை மறுபடி படமாக்கிய ஆலிவர் பார்க்கருக்கு வரவேற்பறை போதவில்லை. ஜாக்கின் நண்பன் அல்ஜர்னன் வெப்பக்காற்று பலூனில் வந்து இறங்குகிறான். ஜாக்கின் காதலி க்வென்டலன் எர்னெஸ்ட் என்று பச்சை குத்திக்கொள்கிறாள். பலூனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வசனம் காதில் விழுவதில்லை. பார்க்கர் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறார். வைல்ட் முதலில் நான்கு அங்கங்களாக எழுதிய நாடகம், நடிகரும் அரங்க நிர்வாகியுமான ஜார்ஜ் அலெக்சாண்டர் கேட்டுக்கொண்டதால் மூன்றாகச் சுருங்கியது. அதில் விடுபட்டுப்போன கடன் வசூல் காட்சியைப் பார்க்கர் மீட்டுக் கொண்டுவந்தார்.

முடிவில்தான் அவர் சறுக்கினார். வைல்டின் கடைசிக் காட்சியில், கைப்பைக்குள் கிடைத்த அந்தக் குழந்தையான ஜாக் ராணுவப் பட்டியலைப் புரட்டித் தந்தையின் பெயரைத் தேடுகிறான். எர்னெஸ்ட் என்றே இருக்கிறது. அந்தப் பெயர்தான் அவனுக்கும் இடப்பட்டிருக்கிறது. இத்தனை நாள் புளுகியதாக நினைத்தவன் உண்மையை மட்டுமே பேசிவந்திருக்கிறான். அதற்காகக் காதலியிடம் மன்னிப்பும் கேட்கிறான். பார்க்கரின் படத்தில் ஏட்டில் இருப்பது ஜான். ஜாக் மறுபடியும் புளுகுகிறான். ஜூடி டென்ச்சின் லேடி பிராக்னெல் அதைக் கண்டும் காணாமல் விடுகிறாள். அவளுக்கும் மறைக்கவேண்டிய ஆட்டக்காரி வாழ்க்கை ஒன்று இருந்ததாகப் படம் முன்பே காட்டிவிட்டதால், அவள் ஏன் வாய்திறக்கவில்லை என்பது நமக்குப் புரிகிறது. வைல்டின் லேடி பிராக்னெல்லை இப்படிப் புரிந்துகொள்ள வழியே இல்லை. அவள் சொல்வதற்குப் பின்கதை ஏதும் கிடையாது. அதனால்தான் அவளைக் கண்டால் பயமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.