மெட்டைக் கடன் வாங்கலாம், பெயரை மறைக்கலாமா?

ரபீஉனில் அவ்வல் மாதம் பிறந்தால் தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு வேலை கூடிவிடும். மீலாத் போட்டிகளில் கஸீதா, இஸ்லாமிய கீதம் ஆகிய பிரிவுகளுக்கு நடுவராக வரச் சொல்லி அழைப்பார்கள். கொள்ளுப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வருடங்களாக இப்படிப் போய் வருகிறேன். எங்கு போனாலும் வழக்கு ஒன்றுதான். பிள்ளை பாடி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் குனிந்து, “சேர், இது படப் பாட்டு மெட்டுத்தானே, புள்ளிய வெட்டுங்க” என்பார். அடுத்த பிள்ளைக்கும் அதையே சொல்வார். மெட்டைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் அதற்காகப் புள்ளியை வெட்டலாமா என்பது வேறு கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இசை ஆகுமா ஆகாதா, எந்த வாத்தியம் கூடும் என்பவை மார்க்க அறிஞர்கள் பேசவேண்டியவை. அதற்குள் நான் போகவில்லை. பாடுகிறோம், போட்டி வைக்கிறோம், பரிசும் கொடுக்கிறோம் என்று ஆன பிறகு, பாட்டை எப்படி மதிப்பிடுவது என்பதே இங்கு என் விஷயம்.

ஒன்று போலக் கேட்கும் எல்லாப் பாட்டும் களவெடுத்த பாட்டு அல்ல. மோகன ராகத்துக்கு ஐந்தே சுரங்கள். ஏறக்குறைய அதே ஐந்து சுரங்கள் சீனத்து நாட்டுப் பாடல்களிலும் ஸ்கொட்லாந்துப் பாடல்களிலும் உண்டு. அந்த ஐந்துக்குள் நின்று இருவர் பாட்டுக் கட்டினால் எங்காவது ஓரிடத்தில் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். நம் நாட்டு பைலாவும் அப்படியே. அதன் தாளம் ஒன்று என்பதால், கேட்டுப் பழகாத காதுக்கு எல்லா பைலாவும் ஒரே பாட்டுத்தான். ராகம் பொது, தாளம் பொது. சுரங்கள் நடக்கும் வரிசை, நிற்கும் இடம், திரும்பும் இடம் எல்லாம் ஒத்துப்போனால்தான் ‘மெட்டை எடுத்தார்’ என்று சொல்லலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்வோம்.

சரி, மெட்டை எடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். அது குற்றமா? நம் இலக்கியத்தைத் திறந்து பாருங்கள். காயல்பட்டினத்துக் காசிம் புலவர் அருணகிரிநாதரின் சந்தங்களை எடுத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடினார். குணங்குடி மஸ்தான் சாகிபு, தாயுமானவர் கையாண்ட பராபரக்கண்ணி என்ற வடிவத்தை அதே பெயரோடு எடுத்துக்கொண்டார். ரகுமான் கண்ணியும் பாடினார். நம் கண்டியின் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரும் சந்தத் திருப்புகழ் பாடியவர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் உள்ள காண்டம், படலம் என்ற பகுப்பைக் கண்டதும் கம்பனை நினைக்காத தமிழ் மாணவர் இருக்க மாட்டார்.

அரபு மரபிலும் இதற்கு இடமுண்டு. ஒரு கவிஞரின் கஸீதாவை அதே யாப்பில், அதே இயைபில் எதிர்கொண்டு பாடுவதற்கு ‘முஆரளா’ என்று பெயர். இமாம் பூஸிரியின் புர்தாவை அடியொற்றி எகிப்தின் அஹ்மத் ஷவ்கி (1868–1932) பாடிய கஸீதாவின் பெயரே ‘நஹ்ஜுல் புர்தா’, அதாவது புர்தாவின் வழி. உம்மு குல்தூம் அதை 1946இல் பாடினார். மற்றொருவரின் பைத்தில் உள்ள இரண்டு அரையடிகளுக்கு முன்னால் தம்முடைய மூன்று அரையடிகளைச் சேர்த்து ஐந்தாக்குவது ‘தக்மீஸ்’. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா வித்ரிய்யாவுக்குச் செய்த தக்மீஸ் தமிழகத்திலும் இலங்கையிலும் ஓதப்பட்டு வருகிறது.

இவர்களில் எவரும் மூலத்தை ஒளிக்கவில்லை. ‘திருப்புகழ்’ என்ற பெயரிலேயே அருணகிரியார் இருக்கிறார். ‘நஹ்ஜுல் புர்தா’ என்றதும் பூஸிரி வந்துவிடுகிறார். கேட்பவர் மூலத்தையும் நினைக்கவேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதே பாடியவரின் விருப்பம். பழைய கீர்த்தனை நூல்களில் பாட்டின் தலையிலேயே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று அச்சிடும் வழக்கம் இருந்தது. கடன் சீட்டு வெளியில் தெரியும்படி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமா மெட்டு நம் வீடுகளுக்குள் வந்த வழியையும் பார்க்கவேண்டும். 1952இல் இந்திய அரசின் வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கத் தொடங்கியபோது, கொழும்பிலிருந்து இலங்கை வானொலி அதை அள்ளிக் கொடுத்தது. இந்தியாவே நம் வானொலிக்குக் காது கொடுத்த காலம் அது. சினிமாப் பாட்டு இந்த ஊரின் காற்றில் கலந்துவிட்டது. இன்றைக்கும் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை அதுதான். பிள்ளைகளின் காதில் வேறு மெட்டு எங்கிருந்து விழும்?

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததல்ல. கிராமபோன் காலத்திலும் தொடக்ககாலச் சினிமாவிலும் ஏராளமான சிங்களப் பாட்டுகள் ஹிந்தி, தமிழ் மெட்டுகளில் வந்தன. சேலத்தில் பிறந்து 1930களில் இங்கு வந்த முஸ்லிம் பாடகர் முஹிதீன் பேக்கின் குரல் அந்தக் காலத்தின் பெரிய குரல்களில் ஒன்று. வெசாக் நாட்களில் அவர் பாடிய பௌத்த கீதம் இன்றும் ஒலிக்கிறது. மறுபுறம் சுனில் சாந்த போன்றவர்கள் இந்த மண்ணுக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று நின்றார்கள். இந்தியாவிலிருந்து வந்த ரத்தன்ஜன்கர் முன்னிலையில் 1952இல் நடந்த குரல் தேர்வுக்குத் தோற்ற மறுத்து, அவர் வானொலியையே இழந்தார். அந்தப் பிடிவாதத்தின் பயனைச் சிங்கள மெல்லிசை பிறகு அனுபவித்தது. நாம் இன்னும் அந்த விவாதத்தையே தொடங்கவில்லை.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ இங்கிருந்து சென்னைக்குப் போய், இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ (1977) படத்திலும் ஒலித்தது.

அப்படியானால் இன்று மீலாத் மேடையில் நடப்பதில் என்ன குறை? நான் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, அளவு. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. காசிம் புலவர் சந்தத்தை எடுத்தபோது ‘தன’ வருமிடத்தில் குறிலையும் ‘தான’ வருமிடத்தில் நெடிலையும் வைத்தார். அதனால் சொல் நொண்டவில்லை. சினிமாக் கவிஞரும் மெட்டுக்குத்தான் எழுதுகிறார், அவர் சொல் அங்கே பொருந்தி உட்காரும். அந்த மெட்டில் நம் சொல்லை அவசரமாகத் திணிக்கும்போது என்ன ஆகிறது? இறைவனிடம் ‘வரம்’ கேட்கும் பிள்ளை ‘வாரம்’ கேட்கிறது. ‘விதி’ நீண்டு ‘வீதி’ ஆகிறது. தமிழில் இது சிரிப்போடு போகும். அரபுச் சொல்லில் அப்படிப் போகாது. ‘அக்பர்’ என்பதை ‘அக்பார்’ என்று இழுத்தால் மிகப் பெரியவன் என்ற பொருள் போய் முரசுகள் என்ற பொருள் வந்துவிடும் என்று பாங்கு சொல்பவருக்குக் கற்றுக்கொடுக்கிறோம். ‘அல்லாஹ்’வின் முதல் எழுத்தை நீட்டினால் அது கேள்வியாகிவிடும் என்கிறோம். பாங்கில் இத்தனை கவனம் பார்க்கும் நாம் கீதத்தில் மட்டும் மெட்டு இழுத்த பக்கம் போகலாமா?

இரண்டாவது, நினைவு. ஒரு மெட்டு தன் பழைய சொல்லையும் காட்சியையும் கூடவே கொண்டுவரும். நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடிய ‘தம் மஸ்த் கலந்தர்’ ஒரு சூஃபி கவ்வாலி. அந்த மெட்டு 1994இல் ‘மோஹ்ரா’ என்ற ஹிந்திப் படத்தில் நடனப் பாட்டாக வந்தது. கேட்டு மனம் நொந்த கவ்வாலி ரசிகர்கள் பலர். வலீமாரை நினைத்துப் பாடிய மெட்டு ஆட்டத்துக்குப் போனால் நமக்கு நோகிறது. ஆட்டத்துக்குக் கட்டிய மெட்டில் ஸலவாத்தை வைக்கும்போதும் அதே நோவு வரவேண்டாமா? சபையில் பாதிப் பேருக்கு மனக்கண்ணில் ஓடுவது எந்தக் காட்சி என்று எண்ணிப் பாருங்கள். எல்லாச் சினிமா மெட்டும் இப்படியல்ல. அமைதியான மெட்டுகள் உண்டு, தாலாட்டுகள் உண்டு. தேர்ந்தெடுக்கத் தெரியவேண்டும்.

மூன்றாவது, பெயர். இதுதான் எனக்குப் பெரிய குறை. நிகழ்ச்சித் தாளில் ‘பாடல், இசை’ என்று யாரோ ஒரு பொறுப்பாளரின் பெயர் இருக்கும். மெட்டுக் கட்டியவரின் பெயர் எங்கும் இராது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அவரது உரிமையைக் காக்கிறது. சட்டத்தை விடுங்கள். அமானிதம் பற்றிப் பாடும் பாட்டே மற்றவரின் உழைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு மேடை ஏறினால், பாடும் பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? “மெட்டு நல்லா இரிக்கி, அதான் சேர் எடுத்தன்” என்று பிள்ளை உள்ளதைச் சொல்லிவிடுகிறது. மறைப்பது பெரியவர்கள்தான்.

ஆகவே போட்டி நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இது. மெட்டு எங்கிருந்து வந்தது என்று நிகழ்ச்சித் தாளில் ஒரு வரி போடுங்கள். போட்டால் புள்ளியை வெட்டவேண்டாம், மறைத்தால் வெட்டுங்கள். சொல்லின் அளவு மெட்டில் சிதையாமல் இருப்பதற்கென்று தனிப் புள்ளி வையுங்கள். சொந்த மெட்டில் பாடும் பிள்ளைக்கு ஒரு பரிசை ஒதுக்குங்கள், மெட்டு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை. மெட்டு எடுக்க வேறு இடம் இல்லையென்று சொல்லவும் முடியாது. கிழக்கு மாகாணத்து நம் மக்களின் கவிகள் இருக்கின்றன, ரபான் தாளம் இருக்கிறது, மவ்லிது மஜ்லிஸ்களில் ஓதும் பைத்துகளின் இராகங்கள் இருக்கின்றன, காசிம் புலவரின் சந்தங்கள் இருக்கின்றன. அந்தச் சந்தத்தில் ஒன்றைத் தமிழ்ப் பாடவேளையில் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைத் தங்கள் சொல்லை வைத்து நிரப்பச் சொல்லிப் பாருங்கள். குறில் நெடிலும் படிவார்கள், கடனை எப்படி வாங்குவது என்றும் படிவார்கள்.