கிரகணக் கணிதம்: மரபுகளும் உரைகல்லும்

2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகச் சென்ற தடத்தில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. அடுத்து வந்தது 2020 ஜனவரி 24, தை அமாவாசை. ராமேசுவரத்திலும் வேதாரண்யத்திலும் தர்ப்பணம் முடித்துக் கூட்டம் கலைந்தது. சூரியனுக்கு ஒன்றும் நேரவில்லை. அன்றும் நிலவு சூரியன் இருந்த திசையில்தான் இருந்தது. ஆனால் இரண்டு பாகைக்கு மேல் தெற்கே ஒதுங்கி, தன் அகலத்தைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகமான இடைவெளியில், யார் கண்ணிலும் படாமல் கடந்து போய்விட்டது. அதற்குப் பத்து ஆண்டு முன்பு, 2010 ஜனவரி 15இல், இதே தை அமாவாசையன்று தனுஷ்கோடியில் வளையம் தெரிந்திருக்கிறது. ஆகவே எந்த மாதத்து அமாவாசை என்பதில் விடை இல்லை. அந்த ஆண்டு ராகுவும் கேதுவும் எங்கே நின்றார்கள் என்பதில் இருக்கிறது.

பஞ்சாங்கம் புரட்டத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. 2019–20இல் ராகு மிதுனத்தில், கேது தனுசில். சூரியன் தனுசில் இருக்கும் மாதம் மார்கழி, மிதுனத்தில் இருக்கும் மாதம் ஆனி. அந்தச் சமயத்துக் கிரகணங்களின் தேதிகளைப் பாருங்கள்: 2019 ஜூலை 2, டிசம்பர் 26, 2020 ஜூன் 21. ஆனி, மார்கழி, மறுபடியும் ஆனி. இப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கிரகணத்துக்கு வாசல் திறக்கிறது. நடுவில் வரும் அமாவாசைகளும் பௌர்ணமிகளும் பூட்டிய வாசலைத் தாண்டிப் போகின்றன.

காரணம் சாய்வு. இரண்டு சல்லடை வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சற்றே சரித்துச் செருகினால் இரண்டே இடத்தில் அவை வெட்டிக்கொள்ளும். நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் அப்படித்தான், ஐந்து பாகைக்குக் கொஞ்சம் அதிகமான சாய்வில். நிலவு வடக்கே ஏறும் புள்ளி ராகு, தெற்கே இறங்கும் புள்ளி கேது. வானத்தில் சூரியனும் நிலவும் அரைப் பாகை அகலமே உள்ளவை. வடக்கிலும் தெற்கிலும் ஐந்து பாகை வரை அலையும் நிலவு, அரைப் பாகைச் சூரியனை மாதந்தோறும் தவறாமல் மறைக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. பௌர்ணமியில் நிலை சற்றுத் தாராளம். பூமியின் நிழல் நிலவு இருக்கும் தூரத்தில் நிலவைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் அகலமானது. ஆனாலும் ஐந்து பாகைக்கு முன்னால் அதுவும் சிறியதுதான்.

ராகு–கேதுக்களும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ராசிச் சக்கரத்தில் பின்னோக்கி நகர்ந்து, ஒரு ராசியைக் கடக்க ஒன்றரை ஆண்டு, முழுச் சுற்றுக்கு 18.6 ஆண்டு எடுத்துக்கொள்கின்றன. கோயில்களில் பரிகார சீட்டு விற்கும் ராகு–கேது பெயர்ச்சி இதுதான். சூரியன் முன்னால் போக, ராகு எதிரே வர, இருவரும் 365 நாளுக்குப் பதில் 346 நாள் சொச்சத்திலேயே மீண்டும் சந்தித்துவிடுகிறார்கள். அதனால் கிரகண காலம் ஆண்டுக்குச் சுமார் 19 நாள் முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. 2025–26இல் ராகு கும்பத்தில், கேது சிம்மத்தில்; 2025 செப்டம்பர் 7இன் முழுச் சந்திர கிரகணம் ஆவணியிலும், 2026 மார்ச் 3இன் முழுச் சந்திர கிரகணம் மாசியிலும் விழுந்தன.

இவ்வளவும் எல்லா மரபுகளும் ஒப்புக்கொண்ட விஷயம். சண்டை ஏன் என்பதில் அல்ல, எவ்வளவு என்பதில்.

ஏன் என்பதிலும் ஒரு பழைய சண்டை இருந்தது. சுவையானது என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். பாம்பு மதியை விழுங்கும் காட்சி சங்கப் பாடல்களிலேயே உண்டு. 499இல் எழுதப்பட்ட ஆரியபடீயம் பாம்பை ஒதுக்கிவிட்டு, நிலவு சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் நிலவை மறைக்கிறது என்று சொன்னது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வழக்கறிஞர் போல வாதாடினார். சந்திர கிரகணம் நிலவின் கிழக்கு விளிம்பில் தொடங்குகிறது, சூரிய கிரகணம் சூரியனின் மேற்கு விளிம்பில். இரண்டுக்கும் ஒரே பாம்பு காரணமென்றால் இந்த வேறுபாடு ஏன்? 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தம் எழுதிய பிரம்மகுப்தர் கணக்கையெல்லாம் நிழலை வைத்தே போட்டார். போட்டுவிட்டு, ராகுவை மறுப்பவர்கள் வேதத்தை மறுப்பவர்கள் என்று வராகமிகிரரையும் ஆரியபடரையும் கடிந்துகொண்டார். நானூறு ஆண்டுக்குப் பின் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி இதைப் படித்துத் திகைத்திருக்கிறார். சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி தனக்கும் நேருமென்று பயந்து சொன்னாரோ என்று சந்தேகப்பட்டார். எனக்கு அல்பிரூனியின் சந்தேகம் கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றுகிறது. நம் ஊரில் கணக்கும் சடங்கும் ஒரே வீட்டில் தனித்தனி அறைகளில் வெகுகாலம் குடியிருந்திருக்கின்றன.

அளவுகளுக்கு வருவோம். ஒரு மகாயுகத்தில் ராகு 2,32,226 முறை சுற்றுவதாக ஆரியபடர் வைத்தார். அவருடைய யுகநாள் கணக்கால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 6,794¾ நாள். இன்றைய கணிப்பு 6,793½. பதினெட்டரை ஆண்டில் ஒன்றேகால் நாள் பிசகு! சாய்வில்தான் அவ்வளவு நேர்த்தி இல்லை. ஆரியபடீயமும் சூரிய சித்தாந்தமும் நிலவின் மிகப்பெரிய விலகலை 270 கலை, அதாவது நாலரைப் பாகை என்று கொண்டன. உண்மை ஐந்து பாகைக்கு மேல். சாய்வைக் குறைத்து வைத்தால் நிலவு சூரியப் பாதைக்கு உள்ளதைவிட நெருங்கி நிற்பதாகக் கணக்கு காட்டும். விளிம்பை உரசிப்போகும் சிறு கிரகணங்களில் இந்தக் குறை வெளிப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டின் பங்கு வாக்கிய மரபு. சித்தாந்தத்தின் பெரும் பெருக்கல்களை ஒவ்வொரு முறையும் போடாமல், நிலவின் நாள்வாரி நிலையை மனப்பாட வாக்கியங்களாகக் கட்டி வைத்த முறை அது. நிலவு பூமிக்கு நெருங்கி, விலகி, மறுபடி நெருங்க 27½ நாளுக்குச் சற்று மேல் ஆகும். அப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள். எனவே வரருசியின் பெயரில் வழங்கும் சந்திர வாக்கியங்களும் 248. எழுத்துக்கு எண் வைக்கும் கடபயாதி முறையில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாளுக்கான ராசி, பாகை, கலையைச் சொல்லும். நீண்ட கால இடைவெளிக்கு 3,031 நாள், 12,372 நாள் என்று பெரிய சுற்றுகள். இந்த முறைக்குத் தமிழகத்தின் ஆதார நூலான வாக்கியகரணம் 1300ஐ ஒட்டிக் காஞ்சிப் பக்கத்தில் எழுந்தது. ஆசிரியர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சுந்தரராஜரின் உரையோடு அதை டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்து 1962இல் சென்னையில் வெளியிட்டார்கள்.

இந்த மரபை வெளிநாட்டார் இருவர் நேரில் சோதித்தார்கள். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்து, 1769 ஜூன் காலையில் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜென்தீல் ஒருவர். காத்திருந்த நாட்களில் தமிழ்க் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30இன் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் பெருமையான மாயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. இந்தச் செய்தியை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் அடுத்ததைச் சொல்வதில்லை. 1825இல் ஜான் வாரன் புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அந்த ஆண்டு மே 31 இரவுக் கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். தரையில் சோழி பரப்பி, நினைவில் இருந்த வாக்கியங்களைக் கொண்டே அவர் கணித்தார். பிடிக்கும் நேரத்தில் 4 நிமிடம், நடுவில் 23, விடும் நேரத்தில் 52 நிமிடப் பிசகு. மனிதருக்குக் கோட்பாடு ஒன்றும் தெரியவில்லை என்று வாரன் குறைப்பட்டுக்கொண்டார். குறைப்பட என்ன இருக்கிறது? கோட்பாடு தெரியாதவர் கையிலும், காகிதமும் எழுதுகோலும் இல்லாமல், ஒரு மணி நேரத்துக்குள் வந்து நிற்கும் கணக்கு என்றால் அதைக் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறதே. இருந்தாலும் 52 நிமிடம் 52 நிமிடம்தான். 41 விநாடியை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையில்லை.

கேரளத்தார் இதில் வேறு வழி போனார்கள். 683இல் ஹரிதத்தரின் பரஹிதம் ஆரியபடக் கணக்கைத் திருத்தி எளிதாக்கியது. அதுவும் வானத்தோடு ஒட்டாமல் போனபோது நிளா ஆற்றங்கரையில் வாழ்ந்த பரமேசுவரர் 1431இல் திருக்கணிதம் என்ற புது முறையைத் தந்தார். அவர் ஐம்பத்தைந்து ஆண்டு வானத்தைப் பார்த்துச் சோதித்தார் என்று நீலகண்ட சோமயாஜி எழுதுகிறார். 1393இலிருந்து தான் பார்த்த கிரகணங்களைப் பரமேசுவரரே குறித்து வைத்திருக்கிறார். இதே கேரள மரபின் மாதவர் அந்த 248 வாக்கியங்களையும் விகலை வரை நுணுக்கிப் புதிதாகக் கட்டினார். 1501இல் தந்திரசங்கிரகம் எழுதிய நீலகண்டரின் நிலைப்பாடு தெளிவானது: எந்த முனிவர் பெயரில் வந்த சித்தாந்தமானாலும் கண்ணுக்குத் தெரியும் கிரகணத்தோடு ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் திருத்த வேண்டும். வாக்கியகரணத்துக்கு உரை எழுதிய நம் சுந்தரராஜர் அவருக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் பெற்றவர். இரு மரபுகளும் அன்று பேசிக்கொண்டுதான் இருந்தன; முறைத்துக்கொண்டது பின்னால்.

கிரகணத்தையே உரைகல்லாக வைத்ததால் ஒரு விந்தை விளைந்தது. நிலவின் ஓட்டத்தில் சீரின்மைகள் பல. முதலாவது, நெருங்கும்போது வேகம், விலகும்போது மெதுவாவது. இது அதிகபட்சம் ஆறேகால் பாகை வித்தியாசம் காட்டும். இரண்டாவது சூரியனின் இழுப்பால் வருவது, ஒன்றேகால் பாகை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டாவது முதலாவதை எதிர்த்து நிற்பதால் மிஞ்சுவது ஐந்து பாகை. சூரிய சித்தாந்தத்திலும் ஆரியபடீயத்திலும் உள்ள ஒரே சந்திரத் திருத்தம் எவ்வளவு தெரியுமா? ஐந்து பாகையும் ஓரிரு கலையும். கிரகணத்தைப் பார்த்துப் பார்த்துச் செப்பனிட்ட நிலவு அது. அந்த இரண்டு திதிகளில் நன்றாக நடக்கும். அட்டமியிலோ இரண்டாவது சீரின்மை முதலாவதோடு சேர்ந்துகொள்ளும். அப்போது இரண்டரைப் பாகை வரை, நேரத்தில் ஐந்து மணி அளவுக்கு, அதாவது பன்னிரண்டு நாழிகைக்குக் கணக்கு விலகும். 932இல் முஞ்சாலர் லகுமானசத்தில் இந்த இரண்டாம் திருத்தத்தைக் கொடுத்தார், வாக்கியத்தார் எடுத்துக்கொள்ளவில்லை. கோகுலாட்டமி எந்த நாள் என்று வீட்டுக்கு வீடு பஞ்சாங்கம் மாறுவதற்கும், அமாவாசையில் அந்தச் சச்சரவு குறைவாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். இத்தனை சண்டைக்கும் ஒரு வேர் வானசாஸ்திரத்தில் இருப்பதைச் சண்டை போடுகிறவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி நவீன அட்டவணைகளைக் கொண்டு திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். 1868 ஆகஸ்ட் 18இன் முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலும், 1871 டிசம்பர் 12இன் கிரகணத்தை அவிநாசியிலும் நேரில் கண்டு பதிந்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு எடை இருந்தது. அன்று பிரிந்த வாக்கியமும் திருக்கணிதமும் இன்றும் தமிழ்நாட்டில் தனித்தனியே அச்சாகின்றன, யாழ்ப்பாணத்திலும் அப்படியே. வாக்கியப் பஞ்சாங்கங்கள்கூடக் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன என்பது திருக்கணிதத்தார் விடாமல் வைக்கும் குற்றச்சாட்டு. குற்றமென்று எனக்குத் தோன்றவில்லை. ஊரே அண்ணாந்து பார்க்கும் ஒரு நிகழ்ச்சியில் பிசகாமல் இருப்பது நீலகண்டர் கேட்டதுதானே.

எதை அறிவிப்பது என்பதிலும் மரபுக்கு அளவுகோல் உண்டு. சூரியனில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக மறைந்தால் அதன் ஒளியில் தெரியாது, அறிவிக்க வேண்டாம் என்றார் ஆரியபடர். நிலவில் பன்னிரண்டில் ஒரு பங்கு மறைந்தாலும் தெரியும், சூரியனில் மூன்று கலை மறைந்தாலும் தெரியாது என்றது சூரிய சித்தாந்தம். நம் ஊரில் தெரியாத கிரகணத்துக்கு விரதமும் இல்லை, தீட்டும் இல்லை. 2020இல் நான்கு சந்திர கிரகணங்கள் என்று தொலைக்காட்சிகள் பரபரத்தன. நான்கும் புறநிழல் கிரகணங்கள். நிலவு சற்று மங்கும், அவ்வளவே. கருநிழலைத் தொடாத அவற்றைப் பழைய நூல்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கோயில் நடை சாத்த வேண்டுமா என்று அப்போது கேட்டவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்பே பதில் இருந்தது.

அந்த ஆண்டில் கருநிழல் படவே இல்லை என்பதும் வழக்கத்துக்கு மாறானதல்ல. பௌர்ணமியில் நிழல் பட, சூரியன் ராகுவுக்கோ கேதுவுக்கோ சுமார் 11 பாகைக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையை அது சுமார் 21 நாளில் கடந்துவிடும். இரு பௌர்ணமிக்கு இடைவெளி 29½ நாள் என்பதால் நடுவே நழுவிப் போக இடமுண்டு. சூரிய கிரகண எல்லை சுமார் 17 பாகை, கடக்க சுமார் 33 நாள். ஓர் அமாவாசையாவது சிக்காமல் போகாது. ஆண்டுக்கு இரண்டு சூரிய கிரகணமாவது பூமியில் எங்காவது நிகழ்ந்தே தீரும். முழுக் கிரகணமோ வளையமோ ஓர் ஊருக்கு வாய்ப்பதுதான் அரிது, நிலவின் கருநிழல் குறுகிய தடத்தில் மட்டும் ஓடுவதால்.

தென் தமிழகத்துக்கும் இலங்கையின் வடபகுதிக்கும் அடுத்த வளையம் 2031 மே 21, வைகாசி அமாவாசை. அப்போது ராகு விருச்சிகத்தில், கேது ரிஷபத்தில். அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் அச்சிடுகிறவர்களில் ஒருவராவது வாக்கியக் கணக்கைக் கலப்பில்லாமல் போட்டு, பிடிக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் திருக்கணித நேரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பத்தியில் தரலாம். கடிகாரத்தோடு மொட்டை மாடியில் காத்திருக்க மதுரையில் ஆள் கிடைக்காமல் போகாது.