ஒலித்தொகுப்பு மென்பொருள்களின் தேர்வும் கட்டுப்பாடும்: தமிழிசை ஆய்வு நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒலித்தொகுப்பு மென்பொருளை அதன் ஓசைநயம் கருதித் தேர்வதே பொது வழக்கம். தமிழிசை ஆய்வுக்கு அவ்வளவுகோல் போதாது என்றும், சுருதியை அம்மென்பொருளுக்கு எவ்வழியில் உணர்த்துகிறோம் என்பதே முதன்மையான அளவுகோல் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

முன்னுரை

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ 22 சுருதிக் கொள்கையை மறுத்து, ஒரு தாயியை 24 சுருதிகளாகப் பகுக்கும் கொள்கையை நிறுவ முயன்றது. 24 சமபகுதி எனில் ஒரு பகுதி 50 சென்ட் ஆகும். இக்கொள்கைகளைச் செவியால் ஒப்பிட விழையும் இன்றைய ஆய்வாளர் கணினியை நாடுவது இயல்பு. ஆனால், அவர் எழுதிய அளவும் கணினி ஒலிக்கும் அளவும் ஒன்றுதானா என்பது முதலில் கேட்கப்பட வேண்டிய வினா.

இயங்குதளங்களும் தேர்வும்

ஒரே மிடி கோப்பு மூன்று இயங்குதளங்களில் மூன்று விதமாக ஒலிக்கக்கூடும். மிடி கோப்பில் ஒலி இல்லை. எந்தச் சுரத்தை எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் இசைப்பது என்னும் கட்டளைகளே உள்ளன. விண்டோஸில் உடன்வரும் ஜி.எஸ். வேவ்டேபிள் தொகுப்பி அக்கட்டளைகளை ஒலியாக்குகிறது. எக்ஸ்பி பதிப்பு வரை கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே வேறு மிடி கருவியைத் தேர இயன்றது. விஸ்டா முதல் அத்தேர்வுப் பகுதி நீக்கப்பட்டது. ஆகவே, தாம் ஒரு தேர்வைச் செய்திருக்கிறோம் என்பதையே அறியாமல் பயனர் தேர்வு செய்துவிடுகிறார். மேக் தளத்தில் தேர்வு அந்தந்தச் செயலியின் பொறுப்பாகிறது. லினக்ஸில் ஆல்சா வழியே எந்த நிரல் எந்தத் தொகுப்பியோடு இணைகிறது என்பதைப் பயனரே பார்த்து இணைக்கலாம். தொடக்கநிலையாளருக்கு இது இடர். ஆய்வாளருக்கோ இவ்வெளிப்படைத்தன்மை நன்மை.

மூன்று தளங்களிலும் இயங்கும் ஃப்ளூயிட்சின்த்தை ஒரே சவுண்ட்ஃபாண்ட் கோப்போடு பயன்படுத்தினால் ஓசை வேறுபாடு பெரிதும் நீங்கும். எனினும், சுருதிச் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை.

மிடியின் எல்லை

1983-இல் பொதுநெறியான மிடி, விசைப்பலகையை முன்மாதிரியாகக் கொண்டது. இதில் சுரங்கள் எண்களால் குறிக்கப்படுகின்றன. இயல்பு நிலையில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே 100 சென்ட் இடைவெளி. இடைப்பட்ட சுருதிகளுக்கும் கமகங்களுக்கும் ‘பிட்ச் பெண்ட்’ என்னும் வளைவுக் கட்டளையே பொதுவழி. அதன் 16,384 படிகள் இயல்பான ±2 அரைச்சுர வீச்சில் பரவுவதால் ஒரு படி ஏறத்தாழ 0.024 சென்ட் ஆகிறது. எனவே, மிடியால் நுண்சுருதி இயலாது என்னும் கூற்று சரியன்று. குறை இரண்டு வேறிடங்களில் உள்ளது.

முதலாவது, வீச்சு. சட்சத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுக்கும் சாருவை ஒரே வளைவாக எழுத வீச்சை ±12 அரைச்சுரமாக மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றும் கட்டளையைத் தொகுப்பி ஏற்காவிடினும், கோப்பை நடுவிலிருந்து இயக்கும்போது அது விடுபடினும், 700 சென்ட் ஏற்றம் சுமார் 117 சென்ட்டாகச் சுருங்கும். பஞ்சமத்தை எட்ட வேண்டிய இழைவு சுத்த ரிஷபத்தைச் சற்றே கடந்து நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. கோப்பைக் கேட்பவர் அதனை ஆய்வாளரின் கருத்தாகவே கொள்வார்.

இரண்டாவது, வளைவு ஒரு சுரத்தை மட்டுமன்றி அந்தச் சேனல் முழுவதையும் அசைக்கிறது. தம்புராவும் வீணையும் ஒரே சேனலில் இருந்தால், வீணையின் கமகத்தோடு ஆதார சுருதியும் அசையும். சுரந்தோறும் தனிச் சேனல் வழங்கும் எம்.பி.இ. நெறி 2018-இல் ஏற்கப்பட்டது. ஆயினும் தொகுப்பியும் அதனை ஏற்றால்தான் பயனுண்டு.

நிரல்வழிக் கட்டுப்பாடு

பேரி வெர்கோ 1986-இல் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய சீசவுண்ட், ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996-இல் வெளியிட்ட சூப்பர்கொலைடர் ஆகியவற்றில் சுருதியை நேரடியாக அதிர்வெண்ணாகத் தரலாம். முதலில் மெக்கின்டாஷுக்கென எழுந்த சூப்பர்கொலைடர், 2002-இல் கட்டற்ற மென்பொருளாகி இன்று மூன்று தளங்களிலும் இயங்குகிறது. அதன் ஒலி வழங்கி தனியே இயங்கி, ஓ.எஸ்.சி. செய்திகளால் கட்டுப்படுகிறது, அச்செய்திகளில் பின்ன எண்கள் இடம்பெறுவதால் சுருதி விசை எண்ணுக்குள் அடைபட வேண்டியதில்லை. சீசவுண்டில் கமகத்தின் பாதையைக் காலமும் அதிர்வெண்ணும் கொண்ட கோட்டுத்துண்டுகளாக எழுதி, ஒலிக்கோப்பாக வெளியிடலாம். கணினி மாறினும் எழுதிய எண்கள் மாறா.

இவற்றுக்கும் குறையுண்டு. நிரலெழுதும் பயிற்சி பல இசையாசிரியர்களுக்கு இல்லை. பாடகரின் மனத்தில் ஒரே அசைவாக உள்ள கமகத்தைப் பல எண்களாகப் பிரிப்பதும் ஒருவகை விளக்கவுரையே. எண் துல்லியம் இசைத் துல்லியம் ஆகிவிடாது. ஆயினும், அவ்விளக்கவுரை கண்ணுக்குத் தெரிகிறது. மறுக்கவும் திருத்தவும் இடந்தருகிறது. மிடி வழியில் நேரும் திரிபோ மறைந்து நிற்கிறது.

முடிவுரை

கற்பித்தலுக்கும் இசையமைப்புக்கும் மிடி போதுமானது. சுருதி பற்றிய முடிவை நிறுவும் எடுத்துக்காட்டுக்கு அதிர்வெண்ணை நேரே ஏற்கும் மென்பொருளே தகுந்தது. எதனைத் தேர்ந்தாலும், ஒலியாக்கப்பட்ட கோப்பு, மென்பொருளின் பெயரும் பதிப்பும், சவுண்ட்ஃபாண்ட், வளைவு வீச்சு, சுருதிகளின் சென்ட் அளவு ஆகியவற்றை ஆய்வேட்டுடன் இணைத்தல் வேண்டும். அவை இல்லாதபோது, பண்டிதரின் கொள்கையை ஏற்பவரும் மறுப்பவரும் அவருடைய சுருதிகளுக்கு மாறாகத் தத்தம் கணினியின் சுருதிகளையே கேட்டு வழக்காட நேரும்.