வீட்டு ஒலிப்பதிவும் குற்றியலுகரமும்: ‘தொழில்முறைத் தரம்’ என்னும் அளவுகோல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த செலவில் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் வாய்ப்பு பெருகியுள்ளது. தமிழ் இலக்கிய வாசிப்புகள், ஒலிநூல்கள், கள ஆய்வு நேர்காணல்கள் ஆகியன பெரிதும் தனியறைகளிலேயே உருவாகின்றன. இவற்றை மதிப்பிடக் கையாளப்படும் ‘தொழில்முறைத் தரம்’ என்னும் அளவுகோல் தமிழின் ஒலியமைப்பைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டதன்று. இரைச்சலை நீக்கும் செயல்முறைகள் குற்றியலுகரத்தையும் ஆய்தத்தையும், எதிர்முழக்கம் மிகுந்த அறை வல்லின இரட்டிப்பையும் சிதைக்க வல்லன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தூய்மையைவிட ஒலியெல்லை காக்கப்படுதலே தமிழ் ஒலிப்பதிவின் முதன்மைத் தகுதியாக அமைதல் வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வீட்டு ஒலிப்பதிவு, ஒலிநூல், குற்றியலுகரம், வல்லின இரட்டிப்பு, எதிர்முழக்கம், இரைச்சல் நீக்கம்

முன்னுரை

அச்சிட்ட நூலொன்றில் எழுத்துப்பிழை இருப்பின் அதனைச் சுட்டிக்காட்டத் தமிழுலகம் தயங்குவதில்லை. மூலபாடத் திறனாய்வு என்னும் துறையே அதற்கெனத் தமிழில் வளர்ந்துள்ளது. ஆனால் ஒலிநூல் ஒன்றில் ஓர் எழுத்து செவிக்கு எட்டாமற்போனால் அதனைப் பிழை என நாம் குறிப்பதில்லை. ‘ஒலி தெளிவாக இருக்கிறது’, ‘இரைச்சல் இருக்கிறது’ என்னும் பொதுவான கூற்றுகளோடு மதிப்பீடு முடிந்துவிடுகிறது. இவ்விடைவெளியை நிரப்ப, ஒலிப்பதிவின் தொழில்நுட்ப முடிவுகளை எழுத்திலக்கணத்தின் துணைகொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘தொழில்முறைத் தரம்’ – வரையறையும் வரலாறும்

தொழில்முறைத் தரம் என்பதில் இரு கூறுகள் கலந்துள்ளன. ஒன்று அளக்கத்தக்கது, மற்றொன்று சுவை சார்ந்தது.

அளக்கத்தக்க கூற்றிற்கு ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் தளம் ஒலிநூல்களுக்கு வகுத்துள்ள விதிகள் தக்க சான்று. அவற்றின்படி வாசிப்பின் சராசரி அளவு −23 முதல் −18 டெசிபலுக்குள் இருத்தல் வேண்டும். உச்ச அளவு −3 டெசிபலைத் தாண்டலாகாது. பேச்சில்லா இடங்களின் இரைச்சல் −60 டெசிபலுக்குக் கீழே இருத்தல் வேண்டும். வாசிப்பு −20 டெசிபலில் அமைவதாகக் கொண்டால், குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே குறைந்தது 40 டெசிபல் இடைவெளி தேவைப்படுகிறது.

சுவை சார்ந்த கூறு வரலாற்றால் உருவானது. சென்னை வானொலி நிலையம் 1938 சூன் 16ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் ஆண்டும் ஒலிபரப்பைத் தொடங்கின. தமிழில் ‘நல்ல குரல்’ எது என்னும் எண்ணத்தை உருவாக்கியதில் வானொலிக் கூடத்திற்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் மத்திய அலைவரிசையில் கேட்டவர்களுக்கு உயர் அதிர்வெண் ஒலிகள் பெரிதும் வந்து சேரவில்லை, இரைச்சலும் உடன்வந்தது. இன்று அதே ஒலியைத் தரக்குறைவு என்போம். எனவே ‘தொழில்முறை’ என்பது காலந்தோறும் மாறிவரும் ஒரு பழக்கமேயன்றி மாறா இயல்பன்று.

நெப்ராஸ்கா – ஓர் எதிர்ச்சான்றும் அதன் எல்லையும்

வீட்டு ஒலிப்பதிவின் ஆற்றலுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சுட்டுவது அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ இசைத்தொகுப்பாகும். 1982 சனவரியில் நியூசெர்சி மாநிலத்தின் கோல்ட்ஸ் நெக் என்னுமிடத்தில் தாம் குடியிருந்த வீட்டிலேயே, டீயாக் 144 என்னும் நான்கு தடக் கேசட் கருவியிலும் இரண்டு ஷ்யூர் எஸ்எம்57 ஒலிவாங்கிகளிலும் அவர் இப்பாடல்களைப் பதிந்தார். இசைக்குழுவுக்கான முன்மாதிரி என்ற நிலையிலேயே அப்பதிவு அமைந்தது. பின்னர்க் குழுவுடன் கூடத்தில் பதிய முயன்றபோது முதற்பதிவின் உணர்வு கைகூடவில்லை. எனவே கேசட் பதிவே அவ்வாண்டு இசைத்தட்டாக வெளியிடப்பட்டது.

இச்சான்றிலிருந்து இரு முடிபுகள் பெறப்படுகின்றன. விலையுயர்ந்த கூடம் நல்ல பதிவுக்கு இன்றியமையாததன்று என்பது முதலாவது, இது ஏற்கத்தக்கது. இரைச்சலும் மங்கலும் அழகே என்பது இரண்டாவது. இதனை எல்லாப் பதிவுகளுக்கும் பொதுவாக்குதல் பொருந்தாது. நெப்ராஸ்காவின் மங்கல் அப்பாடல்களின் தனிமையுணர்வுக்குத் துணைநின்றது. குறள் வாசிப்பிலோ ஒப்பாரிப் பதிவிலோ கேட்பவர் முதலில் எதிர்பார்ப்பது சொல். சொல்லின் உறுப்பாகிய எழுத்தை மங்கல் விழுங்குமாயின் அதனை அழகியல் என்று காத்தல் இயலாது. எனவே ‘கூடத்துத் தூய்மை’, ‘வீட்டு இயல்பு’ என்னும் இரு முனைகளில் ஒன்றைத் தேர்வதைவிட, எழுத்து எந்நிலையில் காக்கப்படுகிறது என வினவுதலே பயன் தரும்.

அறையும் வல்லின இரட்டிப்பும்

‘காடு’, ‘காட்டு’ என்னும் சொற்களை வேறுபடுத்துவது யாது? ‘காடு’ என்பதில் டகரம் குரலொலியுடன் குறுகி ஒலிக்கிறது. ‘காட்டு’ என்பதில் நா அண்ணத்தைத் தொட்டு நிற்கும் நேரம் நீள்கிறது. அந்நேரத்தில் ஒலியில்லை, அவ்வொலியின்மையே அங்கு மொழிக்கூறாக நிற்கிறது. எழுவாயாக நின்ற சொல் ‘காட்டு’ எனத் திரிந்து அடுத்த பெயரைத் தழுவுவதைச் செவி உணர்வது பெரிதும் இவ்வமைதியைக் கொண்டே.

வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தளமும் கொண்ட அறையில் இவ்வமைதி நிரம்பிவிடுகிறது. ஓரறையில் ஒலி 60 டெசிபல் தணிய எடுக்கும் காலமே அவ்வறையின் எதிர்முழக்கக் காலம் எனப்படும். அது 1 நொடியாயின், நொடியில் பத்திலொரு பங்கு நீளும் அடைப்பின்போது முந்திய உயிரின் முழக்கம் 6 டெசிபல் மட்டுமே தணியும். அக்காலம் 0.3 நொடியாயின் 20 டெசிபல் தணியும். முன்னதில் ‘கா’ என்பதன் எச்சம் டகரமெய்யின் அமைதிக்குள் புகுந்து இரட்டிப்பைத் தளர்த்துகிறது. பின்னதில் அமைதி அமைதியாகவே நிற்கிறது.

இதற்குத் தீர்வு விலையுயர்ந்த ஒலிவாங்கியன்று. அறையின் முழக்கத்தை எந்த ஒலிவாங்கியும் உடன்சேர்த்தே வாங்கும். மெத்தை, போர்வை, துணி நிறைந்த அலமாரி ஆகியன முழக்கத்தைக் குறைக்கும். ஒட்டப்படும் மெல்லிய பஞ்சுத் தகடுகள் உயர் அதிர்வெண்களை மட்டுமே பெரிதும் உறிஞ்சும். ஒரு பொருள் கால் அலைநீளத் தடிமனை நெருங்கும்போதே அவ்வலையை நன்கு உறிஞ்சும். 3400 எர்ட்ஸ் ஒலிக்கு அது 2.5 செ.மீ., 100 எர்ட்ஸ் ஒலிக்கு 85 செ.மீ. எனவே மெல்லிய தகடு ஒட்டிய அறையில் குரல் கூர்மையிழந்தும் முழக்கம் குறையாதும் நிற்பதுண்டு. முட்டை அட்டைகள் வெளியோசையைத் தடுக்கும் என்னும் நம்பிக்கைக்கும் அடிப்படையில்லை.

தொலைவும் இரைச்சலும்

இரைச்சலைக் குறைக்கச் செலவில்லாத வழி வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவைக் குறைத்தலே. தொலைவு பாதியானால் நேரொலி ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். அறையின் இரைச்சல் மாறாது. இயல்பான பேச்சு 1 மீட்டரில் 60 டெசிபல் எனத் தோராயமாகக் கொள்வோம். அது 50 செ.மீட்டரில் 66, 25 செ.மீட்டரில் 72, 12.5 செ.மீட்டரில் 78 டெசிபலாகும். மின்விசிறியை நிறுத்திய அமைதியான அறையின் இரைச்சல் 35 டெசிபலாயின், 50 செ.மீட்டரில் கிடைக்கும் இடைவெளி 31, 12.5 செ.மீட்டரில் 43. முற்கூறிய 40 டெசிபல் இடைவெளி எவ்வித மென்பொருளும் இன்றியே பின்னதில் கிட்டிவிடுகிறது.

அருகிலிருந்து பேசினால் பகரம் வெடித்தொலிக்கும் என அஞ்சி விலகி அமருமாறு அறிவுறுத்துவதுண்டு. ஆங்கிலச் சொல்முதற் பகரம் மூச்சொலியுடன் பிறப்பது. அவ்வச்சம் அம்மொழிக்கு முழுதும் பொருந்தும். தமிழ் வல்லினம் மூச்சொலியற்றது. ஆகவே ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வையாது சற்றுப் பக்கவாட்டில் வைத்தலே பெரும்பாலும் போதுமானது. பிறமொழிக்குரிய அறிவுரையை ஆராயாது ஏற்பதால் தமிழ் வாசிப்பவர் தமக்குரிய ஒரு வசதியை இழக்கின்றனர்.

இரைச்சல் நீக்கமும் குற்றியலுகரமும்

அறையையும் தொலைவையும் சீர்செய்யாதவர் மென்பொருளை நாடுகின்றனர். அவற்றுள் பரவலானவை இரண்டு. குறித்த அளவுக்குக் கீழான ஒலியை அடைத்துவிடும் ‘நாய்ஸ் கேட்’ ஒன்று. இரைச்சலின் மாதிரியை எடுத்து அதனை ஒத்த ஒலிகளைக் கழிக்கும் முறை மற்றொன்று. இவை ஒலி மெலிந்த இடங்களையே தாக்குகின்றன. தமிழில் ஒலி மெலிந்த இடம் சொல்லிறுதி ஆகும்.

குற்றியலுகரத்திற்கு அரை மாத்திரை என்பது இலக்கணம். ‘பாக்கு’, ‘பட்டு’ போன்ற வன்றொடர்ச் சொற்களில் முதலில் அடைப்பின் அமைதி, அடுத்துச் சிறு வெடிப்பு, அதன்பின் இதழ் குவியாத மெலிந்த உகரம் என வரிசை அமைகிறது. அமைதியின்போது வாயில் அடைபடுகிறது. பின்வரும் உகரம் அதனை மீண்டும் திறக்கும் வலிமையற்றதாயின் ‘பாக்’ என்பதோடு சொல் முடிகிறது. ‘எஃகு’ என்னும் சொல்லுக்கு இருமடங்கு இடர் உண்டு. ஆய்தத்தின் உரசொலி இரைச்சலை ஒத்திருப்பதால் கழித்தல் முறையில் அது தேய்கிறது. இறுதியுகரம் அடைப்பு முறையில் மறைகிறது.

யாப்பில் இவ்விழப்பு மேலும் கூர்மையடைகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். இவற்றுள் பின்னிரண்டும் குற்றியலுகர ஈறுடையன. திருக்குறளின் முதற்பாவே ‘உலகு’ எனப் பிறப்பு வாய்பாட்டில் முடிகிறது. வாசிப்பவரின் மூச்சு தணியும் இடமும் ஈற்றுச்சீரே. மென்பொருள் மிகுதியாகச் செயற்படும் இடமும் அதுவே. உகரம் மறையின் காசு நாளாகவும் பிறப்பு மலராகவும் செவியிற்படும். ஓர் அச்சுப்பதிப்பில் இவ்வாறு ஈறு திரிந்திருப்பின் அதனைப் பாடச்சிதைவு என்போம். ஒலிப்பதிவில் அதனையே ‘தெளிவு’ என்று பாராட்டுகிறோம்.

புணர்ச்சியும் இதனோடு தொடர்புடையது. ‘நாடு என்ப’ எனப் பிரித்து வாசிப்பதா, ‘நாடென்ப’ எனப் புணர்த்து வாசிப்பதா என்பது வாசிப்பவர் மேற்கொள்ளும் பொருள்கோள் முடிவு. உகரத்தைத் துணித்த பதிவில் ‘நாட்’ என நின்று, இடைவெளிவிட்டு ‘என்ப’ தொடர்கிறது. இது பிரித்த வாசிப்புமன்று, புணர்த்த வாசிப்புமன்று. வாசிப்பவரின் முடிவுக்குரிய சான்றே இங்கு அழிகிறது.

தாய்மொழியாளர் விடுபட்ட உகரத்தைத் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்வர் எனத் தடை கூறலாம். அது உண்மையே. ஆனால் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர், எழுத்தறியத் தொடங்கும் குழந்தை, பதிவிலிருந்து வட்டார வழக்கை ஆராய்பவர் ஆகியோருக்கு அவ்வறிவைத் துணையாகக் கொள்ள இயலாது. ஒரு கதைசொல்லி இறுதியுகரத்தை ஒலித்தாரா, விடுத்தாரா என்பதே ஆய்வுப் பொருளாகும்போது, மென்பொருள் துணித்ததைப் பேச்சுவழக்கின் இயல்பென்று எழுதிவிடும் இடர் உண்டு.

பரிந்துரைகள்

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிபுகளை வகுக்கலாம். செலவின் முதற்பகுதி அறைக்குரியது, ஒலிவாங்கி அதன்பின்னரே. பேச்சில்லா இடத்தின் இயல்பான அறையொலி எஞ்சியிருத்தல் குறையன்று. நாய்ஸ் கேட் பயன்படுத்துவதைத் தவிர்த்தல் நன்று; பயன்படுத்த நேரின் காடு, காட்டு, பாக்கு, எஃகு, பந்து, மார்பு, வரகு ஆகிய சொற்களை முதலில் பதிந்து, செயல்முறைக்கு முன்னும் பின்னும் செவியால் ஒப்பிடுதல் வேண்டும். குற்றியலுகரத்தின் அறுவகையும் இச்சொற்களில் அடங்கும்.

கள ஆய்வாளர்கள் திருத்தப்படாத மூலப்பதிவைத் தனியே காத்தல் இன்றியமையாதது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் 48 கிலோ எர்ட்ஸ், 24 பிட் என்பதைக் குறைந்த அளவாகப் பரிந்துரைக்கிறது. ஒற்றைத் தடத்தில் இது மணிக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் மட்டுமே. இன்றைய நினைவட்டைகளில் இது பெரிய அளவன்று. கைப்பேசியில் பதிவோர் அதன் தானியங்கி இரைச்சல் நீக்கத்தை நிறுத்தத்தக்க செயலியைத் தேர்தல் வேண்டும். பதிவின்போதே நீக்கப்பட்டதைப் பின்னர் மீட்க வழியில்லை.

முடிவுரை

வீட்டு ஒலிப்பதிவைக் கூடத்துப் பதிவின் மலிவான நகலாக மதிப்பிடும் வரை, அமைதியே அதன் இலக்காக நிற்கும். அவ்விலக்கை மென்பொருளால் எட்ட முனைவோர் அறியாமலேயே எழுத்தை இழக்கின்றனர். அறையைச் சீர்செய்து, வாய்க்கருகே ஒலிவாங்கியை வைத்துப் பதிந்த எளிய பதிவு, சிறிது இரைச்சலுடன் இருப்பினும், ‘உலகு’ என்னும் சொல்லை உகரத்தோடு கொடுக்குமாயின் அதுவே தரமான தமிழ்ப்பதிவு. ஒலிநூல்களை மதிப்பிடுவோர் குரலின் இனிமையோடு ஈற்றெழுத்தின் இருப்பையும் கேட்டறிந்து எழுதத் தொடங்குதல் வேண்டும். ஏட்டுக்கும் அச்சுக்கும் நாம் காட்டிய கவனம் ஒலிக்கும் உரியது.