செவிலிக்கும் ஒரு மகள் இருந்தாள்

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியையும் சிரியாவையும் 7.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. துருக்கியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘ஆபரேஷன் தோஸ்த்’ என்ற பெயரில் இந்தியா மீட்புப் படையினரையும் 60 பாரா கள மருத்துவமனையையும் அனுப்பியது. ஹதாய் மாகாணத்து இஸ்கந்தரூன் நகரில் 30 படுக்கைகளோடு அது இயங்கியது. அங்கே எடுத்த ஒரு படம் உலகைச் சுற்றி வந்தது. ராணுவ மருத்துவர் மேஜர் பீனா திவாரியின் கன்னத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருவர் முத்தமிடுகிறார். ராணுவம் படத்துக்கு இட்ட வாசகம்: ‘வீ கேர்’.

படம் எனக்குப் பிடித்திருக்கிறது. மொழி தெரியாத இருவருக்கிடையே அதைவிட நேரான நன்றி இருக்க முடியாது. என் வழக்கு, இப்படிப்பட்ட படங்களைச் சுற்றி நாம் அடுக்கும் சொற்களோடுதான். தாயுள்ளம், கருணை, தேவதை, தேசத்தின் மகள். இவற்றில் எதுவும் எலும்பு முறிவை எக்ஸ்ரேயில் பார்த்துக் கட்டுப்போடத் தெரிந்த கையைக் குறிப்பதில்லை. படித்துத் தேர்ந்து பெற்ற திறன், பிறவிக் குணமாக மாறிவிடுகிறது. ஆண் மருத்துவர் காப்பாற்றினால் அது திறமை. பெண் மருத்துவர் காப்பாற்றினால் அது பாசம்.

அதே பணிக்குத் தேசியப் பேரிடர் மீட்புப் படையிலிருந்து ஐந்து பெண்கள் போனார்கள். அந்தப் படை வெளிநாட்டுக்குப் பெண்களை அனுப்பியது அதுவே முதல்முறை. அவர்களில் ஒருவர் மருத்துவ உதவியாளர். உறைபனிக் குளிரில் இடிபாடுகளைத் தோண்டும் சக வீரர்கள் நோயில் விழாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவரைப் பற்றி நான் படித்த செய்திகளிலோ, அவர் விட்டுவந்த 18 மாத இரட்டைக் குழந்தைகள்தான் முன்னால் நின்றார்கள். உடன் போன ஆண்களிலும் தகப்பன்மார் இருந்திருப்பார்கள். அவர்கள் குழந்தைகளின் வயது நமக்குத் தெரியாது.

நர்ஸ் என்பதற்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் செவிலி. அகப்பாடல்களில் நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள். தலைவி காதலனோடு போய்விட்டால் நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள். பாலைச் சுரத்தில் இறங்கித் தேடிப் போகிறவள் செவிலி. வழியில் எதிர்ப்பட்டவர்களை நிறுத்தி விசாரிப்பாள். தொல்காப்பியம் இன்னொன்றும் சொல்கிறது: தோழி என்பவள் செவிலியின் மகள். ஆக, சுரத்துக்குப் போனவளுக்கும் வீட்டில் ஒரு மகள் இருந்தாள். ‘உன் பெண்ணை யாரிடம் விட்டு வந்தாய்?’ என்று வழியில் யாரும் அவளைக் கேட்டதாக நான் எந்தப் பாடலிலும் படித்ததில்லை.

இதனால் அந்தக் காலம் பொற்காலமாகிவிடாது. பெரிய வீட்டுப் பிள்ளையை வளர்த்தவள் செவிலி. அவள் உழைப்பையும் தாயன்பு என்றே பாடினார்கள், கூலியைப் பாடவில்லை. அந்த வழக்கம்தான் இன்றைக்கும் தொடர்கிறது. திருவண்ணாமலையில் தீபத்துக்குக் கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம் போடுகிறார்கள். வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடந்தவர்களின் கொப்புளங்களுக்கு விடிய விடிய மருந்து போடும் பெண்களைப் பார்த்து ‘புண்ணியம் பண்ணியிருக்கீங்க’ என்கிறோம். அது டூட்டி என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

செங்கம், போளூர்ப் பக்கத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவிகளுக்கு இது வெறும் சொல் விவகாரம் அல்ல. ஒருத்தியின் அக்கா நர்ஸ். வெளிநாட்டில் நிவாரணப் பணிக்குப் பெயர் கொடுக்க நினைத்தபோது வீட்டில் வந்த முதல் கேள்வி: ‘புள்ளைய யாரு பாத்துக்குவா?’ அத்தோடு பேச்சு முடிந்துவிட்டதாம். இரட்டைக் குழந்தைகளைத் தலைப்பாக்கும் செய்தியும் இந்தக் கேள்வியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தாய் என்று ஒருத்தியைப் புகழும் வாய், அடுத்தவளைத் தாய் என்று சொல்லியே தடுக்கிறது.

கேள்வி தப்பில்லை. குழந்தையை யாராவது பார்க்கத்தான் வேண்டும். அந்த இரட்டையரைப் பார்த்துக்கொண்டவர்கள் அவருடைய மாமனார், மாமியார். அதுவும் நிவாரணப் பணிதான். அதற்குப் பதக்கம் கிடையாது. ஆகவே கேள்வியை விட்டுவிட வேண்டாம், எல்லோரிடமும் கேட்போம். விமானம் ஏறும் ஆண் மருத்துவரிடமும் கேட்போம். அவளிடம் கேட்கும்போது, முதலில் அங்கே என்ன வைத்தியம் செய்தாள் என்று கேட்டுவிட்டு அப்புறம் கேட்போம்.